கதவு திறக்காத காவல்காரன்

பொன்னுராஜுக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. புதுக்குடை வாங்கினால் மறுநாளே அதற்குக் கைப்பிடி மாற்றுவார். ஹோட்டலில் சாம்பார் வைத்தால் வாயில் படுவதற்கு முன்பே உப்பு கேட்பார். "இவுகளை ஏதேன் தோட்டத்துல விட்டிருந்தா அங்கனயும் ரெண்டு செடியைப் பிடுங்கி இடம் மாத்தி நட்டிருப்பாக" என்று அவர் மனைவி ஞானசெல்வி சொல்வது உண்டு. அந்த அம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவர். வீட்டில் ஆளை வைத்துக்கொண்டு வாசலில் வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லத் தெரியாதவர். சொல்லச் சொன்னாலும் சொல்ல மாட்டார். இதனால் பொன்னுராஜ் எத்தனையோ நன்கொடைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார்.

போடியில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையைத் தம்பிக்கு விட்டுவிட்டு, பொன்னுராஜ் தேனிக்கு வந்து மதுரை ரோட்டில் பாட்டுப் பதிவு செய்யும் கடை போட்டது எழுபத்தொன்பதில். ஆட்கள் வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், அவர் கேசட்டில் பதிந்து கொடுப்பார். தேனியில் அந்தத் தொழிலை இன்னும் நாலு பேர் செய்தார்கள். ஆனாலும் கம்பம் ரோட்டு பஸ்காரர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். காரணம் அவருடைய கை. இன்ஜின் சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டுமே. பொன்னுராஜ் பேஸ் என்கிற கனத்த ஒலியை ஏற்றுவார், ட்ரெபிள் என்கிற கீச்சொலியை இறக்குவார், இரைச்சலை வழித்தெடுப்பார், ஒரு சிட்டிகை எக்கோ சேர்ப்பார். சின்னமனூரில் கிளம்பின பஸ் உத்தமபாளையம் சேருமுன்பே கடைசி சீட்டுக்காரன் நெஞ்சில் தவில் அடிக்கும்.

அவருக்கு ஒரு சட்டமும் இருந்தது. அசல் கேசட்டை ஓட்டித் தேய்க்கக் கூடாது. அசல் வந்ததும் தம் கைவரிசையோடு ஒரு நகல் எடுத்துக்கொள்வார். பிறகு அசல் பிஸ்கட் தகர டப்பாவுக்குள் ரசக்கற்பூர உருண்டைகளோடு போய்ப் படுத்துவிடும். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க ஓடுவது நகல்தான்.

எண்பத்தேழாம் வருஷம் ஞானசெல்வியின் தம்பி செல்வமணி கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். பார்ப்பதற்கு டைப்ரைட்டரின் மேல்தட்டை மட்டும் கழற்றி வைத்தது போல இருக்கும். அதை டிவியில் மாட்டி, பக்கத்தில் ஒரு டேப்ரெக்கார்டரையும் மாட்டி, அதற்கென்று வந்த கேசட்டை ஓடவிட்டால் திரையில் விளையாட்டு வரும். கூடவே ஒரே ஒரு விளையாட்டுக் கேசட்டும் கொடுத்துவிட்டு அவன் கப்பலேறிப் போய்விட்டான்.

பொன்னுராஜ் அந்தக் கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோய் முதலில் காதால் கேட்டார். கீ என்று ஒரு கத்தல், பிறகு கரகரவென்று இரைச்சல், அவ்வளவுதான். இப்படி ஒரு பதிவை விற்பதற்கு வெள்ளைக்காரனுக்கு வெட்கமாக இல்லையா என்று நினைத்தார். ட்ரெபிளை இறக்கி, இரைச்சலை வழித்து, நகல் எடுத்தார். முதல் நகல் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. இரண்டாவதும் ஏறவில்லை. அசல் அவ்வளவு மட்டம் என்று முடிவு கட்டி, மூன்றாம் தடவை ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் தாராளமாக வைத்துப் பதிந்தார். அது ஏறியது. அவருக்கு அன்றைக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. அசல் டப்பாவுக்குள் போனது.

அந்த விளையாட்டில் நாமே ஓர் ஆளாகிவிட வேண்டும். ஆளுக்குப் பெயர் வைத்து, இருபது புள்ளிகளைப் பலம், அறிவு, அதிர்ஷ்டம் என்று பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், நாம் பதில் தட்டினால் அந்த ஆள் நடப்பான், சண்டை போடுவான், பேசுவான், கடையில் கயிறு வாங்குவான். ஞானசெல்வி வரியைப் படித்துத் தமிழில் சொல்வார். பொன்னுராஜ் ஒற்றை விரலால் தட்டுவார். என்ன செய்வது என்று தீர்மானிக்கிற வேலையை முத்துக்கருப்பன் தானாகவே எடுத்துக்கொண்டார்.

முத்துக்கருப்பனுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். கேசட் பதிய வந்தவர், வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப்பார்த்தார். அடுத்த ஞாயிறு முதல் இவர்கள் ஆராதனை முடிந்து வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்குச் செய்தித்தாளில் மடித்த திராட்சையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார். ஆளுக்கு ஒச்சாண்டி என்று பெயர் வைத்தது அவர்தான், அது அவர்கள் குலசாமி பெயர். பலத்துக்குப் பத்து புள்ளி கொடு என்று அவரும், அறிவுக்குக் கொடுங்கள் என்று ஞானசெல்வியும் ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் அசந்த நேரம் பார்த்துப் பொன்னுராஜ் மிச்சத்தையெல்லாம் அதிர்ஷ்டத்தில் போட்டுவிட்டார்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை ஒச்சாண்டி காட்டையும் ஆற்றையும் தாண்டி ஒரு கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஒரு காவல்காரன் நின்றான். "நீ என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்டான்.

கத்தியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, "நீ என்ன கொண்டுவந்தாய்?" என்றான். கயிற்றைக் கொடுத்தார்கள், ரொட்டியைக் கொடுத்தார்கள், விளக்கையும் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு அதையே கேட்டான். கையில் ஒன்றுமில்லை என்றானபின்பும் கேட்டான்.

"ஒளிச்சு வச்சிருக்கோம்னு நெனைக்கான்" என்றார் முத்துக்கருப்பன். "நம்மகிட்ட இன்னும் ஏதோ இருக்கு அண்ணாச்சி. அது நமக்குத் தெரியல, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

எட்டு மாதம் அந்த வாசலில் நின்றார்கள். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, வேறு வேறு சாமான்கள் சேர்த்துக்கொண்டு, பதினான்கு தடவை போனார்கள். ஒரு தடவை வழியில் ஒருவனையும் கொல்லாமல் போய்ப் பார்த்தார்கள். ஒரு தடவை, ஒன்றும் கொண்டுவரவில்லை என்று உண்மையைச் சொன்னார்கள். ஒரு நாள் ஞானசெல்வி கணவரை நகரச் சொல்லிவிட்டுத் தாமே உட்கார்ந்து, "என்னை" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். காவல்காரன் வழக்கத்தைவிட நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நீ என்ன கொண்டுவந்தாய்?" என்றான். மூன்று பேரும் அன்றைக்கு அதற்கு மேல் ஆடவில்லை. முத்துக்கருப்பன் திராட்சைக் காம்பை விரலில் சுற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டார்.

சென்னையிலிருந்து 'மின்மணி' என்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் சங்கதிகள் போடுகிற பத்திரிகை. வாசகர்கள் தாம் ஆடிய விளையாட்டுகளைப் பற்றி எழுதுவதற்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. ஞானசெல்வி இரண்டு வாரம் உட்கார்ந்து அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். "வேறு விளையாட்டுகளில் கதவு திறப்பதற்காக ஆடுவார்கள். இதில் கதவு திறக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் போய் நிற்கிறோம். என்ன கொண்டுவந்தாய் என்று நம்மைப் பார்த்து இத்தனை பொறுமையாக வேறு யாரும் கேட்டதில்லை" என்று முடித்திருந்தார். அது 'ஞானசெல்வி, ஆசிரியை, தேனி' என்று பெயரோடு அச்சாகி வந்தது. தலைமையாசிரியை அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பொன்னுராஜ் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பத்திரிகையை நீட்டிவிட்டுத் தாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மதிப்புரை பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. அதே விளையாட்டை அதைத் தயாரித்த கம்பெனிக்காரர்களே செப்பனிட்டு, நல்ல படங்களும் இசையும் சேர்த்துப் புதுப்பதிப்பு போட்டிருக்கிறார்கள், பழையதோடு ஒப்பிட்டு எழுதித் தாருங்கள் என்று ஒரு கேசட்டைத் தபாலில் அனுப்பினார்கள். முதலில் கடைக்குக் கொண்டுபோய் ஒரு நகல் எடுத்துவிடுகிறேன் என்றார் பொன்னுராஜ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முத்துக்கருப்பன் வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "நகலும் வேணாம், நாட்டாமையும் வேணாம். போடுங்க அண்ணாச்சி" என்று அவரே கேசட்டைச் செருகிவிட்டார்.

புதியதில் ஆற்றில் தண்ணீர் ஓடியது. காட்டில் குருவி கத்தியது. ஒச்சாண்டி நாற்பது நிமிஷத்தில் கோட்டை வாசலுக்குப் போய்விட்டான். "நீ என்ன கொண்டுவந்தாய்?" என்று காவல்காரன் கேட்டான். விளக்கைக் கொடுத்தார்கள். "அது போதும்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே நாலு படி, ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு கிரீடம். வாழ்த்துகள் என்று திரையில் வந்து, இசை வாசித்து, ஆட்டம் முடிந்தது.

"இம்புட்டுத்தானா" என்றார் முத்துக்கருப்பன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "எட்டு மாசமா கேட்டவன், விளக்கை நீட்டுனதும் விட்டுட்டானே. கெடுத்துப்புட்டாக அண்ணாச்சி. மெருகு போடுறேன்னு ஆளையே மாத்திப்புட்டாக."

பொன்னுராஜும் அதையேதான் சொன்னார். இருந்த நல்ல சாமானை எவனோ கை வைத்துக் கெடுத்துவிட்டான் என்று அவர் திட்டியதை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஞானசெல்வி காரமாகவே எழுதி அனுப்பினார். படம் அழகு, இசை அழகு, ஆனால் பழையதில் இருந்த கேள்வியைப் புதியதில் கொன்றுவிட்டார்கள் என்று.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. ஞானசெல்வி பள்ளிக்கூடத்தில் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணவர் கையில் கொடுத்தார். பழைய கேசட் வைத்திருக்கும் வாசகர்கள் மூன்று பேர், கோவை, திருச்சி, பெங்களூரிலிருந்து எழுதியிருக்கிறார்களாம். பழையதிலும் காவல்காரன் விளக்கை வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கத்தான் செய்கிறானாம். பத்திரிகை ஆசிரியரும் ஒரு கேசட்டை வாங்கி ஆடிப் பார்த்தாராம். "தாங்கள் ஆடாமலேயே கற்பனையாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஐயுற வேண்டியிருக்கிறது. இம்மாதம் இருபதாம் தேதிக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் அடுத்த இதழில் அப்படியே அறிவிக்க நேரும்."

"நான் பாத்ததத்தானே எழுதுனேன்?" என்று கேட்டார் ஞானசெல்வி.

"பின்ன? நாங்க ரெண்டு பேரும் கூட இருந்தோமே."

"அப்ப அவுக பாத்தது?"

பழைய ஆட்டத்தை மறுபடி ஏற்றினார்கள். விளக்கைக் கொடுத்தார்கள். காவல்காரன் வாங்கிக்கொண்டு, "நீ என்ன கொண்டுவந்தாய்?" என்றான். கண்ணால் பார்க்கிறார்கள், திறக்கவில்லை. ஊரெல்லாம் திறக்கிறது என்கிறார்கள். சிங்கப்பூர் சரக்கு வேறு, பெங்களூர் சரக்கு வேறாக இருக்கும் என்றார் முத்துக்கருப்பன். அடுத்த நிமிஷமே, கோயம்புத்தூர்க்காரர்கள் கையில் என்ன இருக்கிறது என்று காவல்காரனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்றார். அவர் சொன்னதில் எதை நம்புவது என்று அவருக்கே தெரியவில்லை. பொன்னுராஜுக்கு மண்டை காய்ந்தது. ஒரே ஆள், ஒரே வாசல், ஒரே விளக்கு. அங்கே திறக்கிற கதவு இங்கே ஏன் திறக்கவில்லை?

இதை விடவும் அவரைக் கலக்கியது வேறு. ஞானசெல்வி தம் ஆங்கிலத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். பதினாறு வருஷம் பாடம் நடத்தினவர், மேசைமேல் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, காவல்காரன் கேட்கும் நாலு சொல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற சொற்கள். பலகையில் ஒட்டியிருந்த மதிப்புரையைத் தாமே போய்க் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். "பொய் எழுதுனவள்னு அச்சுல வரும். அதே புள்ளைக முன்னால நின்னு நான் எப்படி வாயைத் தொறப்பேன்?" என்றார்.

பதினெட்டாம் தேதி மத்தியானம், கம்பம் பஸ் டிரைவர் பால்பாண்டி கடைக்கு வந்தார். அவர் குறை சொல்கிற ஆளே இல்லை, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க போட்டுக் குடுத்த மூணாவது பாட்டுல நடுவுல ஒரு கொலுசுச் சத்தம் வரணும்ல. சின்னமனூரு டீக்கடையில வேற கேசட்ல கேட்டேன். அம்புட்டு நல்லா இருந்துச்சு. நம்ம கேசட்ல அது இல்லையே."

"அப்படி ஒண்ணும் கெடையாதுப்பா" என்றார் பொன்னுராஜ். அந்தப் பாட்டை அவர் ஐம்பது பேருக்காவது பதிந்து கொடுத்திருப்பார். இருந்தாலும் சந்தேகம் தீரட்டும் என்று தகர டப்பாவைத் திறந்து, அசலைத் தேடி எடுத்து ஓட்டினார். பாட்டு நடுவில் ஒரு கொலுசு மெல்லிசாகக் கிலுங்கி, நாலடி நடந்து போயிற்று.

இரைச்சலோடு இரைச்சலாக அதையும் சேர்த்து வழித்தெடுத்திருக்கிறார். ட்ரெபிள் குமிழை ஒரு தரம் பார்த்தார். பிறகு டப்பாவுக்குள் பார்த்தார். ரசக்கற்பூர உருண்டைகளுக்கு அடியில் சிங்கப்பூர் கேசட் கிடந்தது. பதிந்த நாளிலிருந்து வெளியே வராத அசல்.

பால்பாண்டியை நாளைக்கு வரச் சொல்லிக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஞானசெல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தார். அசலைப் போட்டு, எட்டு மாதத்தில் விரலுக்கு மனப்பாடமாகியிருந்த சொற்களைத் தட்டி ஆடினார். காடு, ஆறு, வாசல். "நீ என்ன கொண்டுவந்தாய்?" விளக்கு. "அது போதும்." கதவு திறந்தது.

பொன்னுராஜ் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். காவல்காரன் பதிலைக் கேட்டுக்கொள்கிற இடம் எதுவோ, அது அந்தக் கீச்சுக்குள் இருந்திருக்கிறது. அதை இவர் இறக்கிவிட்டார். பாவம், அவன் காது கேட்காமல் எட்டு மாதம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். கெடுத்தது தாம். பழி போயிருப்பது வீட்டுக்காரி பெயரில்.

நகலைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. சிங்கப்பூர் சாமானைக் குறை சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் மேசையில் அகராதி விரித்தபடியே கிடந்தது. சிவப்புப் பென்சிலும் அதன் நடுவிலேயே இருந்தது. அவர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் ஞானசெல்வி வந்து செருப்பைக் கழற்றும்போதே பொன்னுராஜ் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல வார்த்தை தடுமாறியது. அந்த அம்மாள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்று கேட்டார்.

"அப்ப எனக்கு இங்கிலீஷ் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"தெரிஞ்சிருக்கு ஞானம்."

"அந்தக் கதவு தொறக்கவே இல்ல. அதுவும் நெசம்."

"நெசம். நான்தான் தொறக்க முடியாம ஆக்கிட்டேன்."

ஞானசெல்வி பையை இறக்கி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமா, நிம்மதியா என்று பொன்னுராஜுக்குப் புரியவில்லை. "பேப்பர் எடுங்க. நீங்களே எழுதுங்க, உங்க கையால" என்றார்.

கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் கேசட் பதிகிறவன், எதையும் சரிசெய்யாமல் விட மாட்டேன், அசலின் கீச்சைக் குறைத்து நகல் எடுத்தேன், நாங்கள் ஆடியது அந்த நகல், காவல்காரனைச் செவிடாக்கியவன் நான், இரண்டு கேசட்டையும் ஆடிப் பார்த்து அறிந்தேன் என்று எழுதினார். கடைசியில், "ஆகவே என் மனைவி எழுதியது தவறு, மன்னிக்கவும்" என்று முடித்தார். ஞானசெல்வி படித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். அதற்கு மேலே, "என் மனைவி கண்டதை எழுதினாள்" என்று எழுதிக் கணவரிடம் நீட்டினார். "இதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் காலை முதல் தபாலில் போன கடிதம் ஒரு வரி குறையாமல் அச்சில் வந்தது. ஞானசெல்வி தாமே அதைக் கத்தரித்து, கிழித்த மதிப்புரையையும் சேர்த்துப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். பிறகு நடந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை. மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. நல்ல விளையாட்டு எங்களிடம் இருக்கிறது, கெட்டுப்போன உங்கள் கேசட்டில் ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டு. நகலுக்கு நகல் எடுத்தால் ஏறவே இல்லை. பொன்னுராஜ் அசலைப் போட்டு எல்லாக் குமிழ்களையும் திருகிப் பார்த்தார். ஒன்று சுத்தமாக ஏறாது, ஏறினால் கதவு திறந்துவிடும். அந்தக் காவல்காரன் அந்த ஒரே கேசட்டில்தான் இருந்தான்.

கடையில் அவர் அதற்குப்பின் ஒவ்வொருவரிடமும், "உள்ளது உள்ளபடி வேணுமா, கைபட்டது வேணுமா?" என்று கேட்கத் தொடங்கினார். பஸ்காரர்கள் இதென்ன கேள்வி என்று பார்த்துவிட்டு, கைபட்டதையே கேட்டார்கள். பால்பாண்டி மட்டும் கொலுசு உள்ளதை வாங்கிப் போனார். அது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று மறுவாரமே வந்து மாற்றிக்கொண்டார்.

முத்துக்கருப்பனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு வர மாட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மத்தியானம் திராட்சைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அசலை உள்ள வையுங்க அண்ணாச்சி. நம்ம ஆளைப் போடுங்க."

"அவனுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சு போச்சேப்பா. இனிமே என்னத்தக் குடுக்கப் போறோம்?"

"போடுங்க, பாப்போம்."

ஒச்சாண்டி காட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, வாசலுக்குப் போனான். "நீ என்ன கொண்டுவந்தாய்?" என்றான் காவல்காரன். முத்துக்கருப்பன் இந்தத் தடவை பொன்னுராஜ் பக்கம் கையைக் காட்டினார். பொன்னுராஜ் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, தம் தப்பு என்று பொருள்படும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுத்துக் கேட்டார். ஞானசெல்வி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டினார்.

காவல்காரன் அதையும் வாங்கிக்கொண்டான். பிறகு மறுபடியும் கேட்டான்.